மே மாதமா, ஓணம் விடுமுறையா? மேற்கு மங்கோலியாவில் கசாக் மேய்ப்பர் குடும்பத்துடன் தங்க ஆலோசனை தேவை

குமுளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குமுளிக்கு அருகில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கில். என் அம்மாவைப் பெற்ற தாத்தா மலைமாட்டுக் கிடை வைத்திருந்தவர். நடவு தொடங்கும்போது மாடுகளை மலைக்கு ஏற்றிவிட்டு, அறுவடை முடிந்ததும் இறக்கிக் கொண்டுவந்து, வயல் வயலாகக் கிடை போட்டு, அதற்குக் கூலியாக நெல் வாங்கிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. மலை புலிகள் காப்பகமாகி, மேய்ச்சலுக்குத் தடையும் வந்த பிறகு, என் மாமா கடைசியாக இருந்த நாற்பது உருப்படிகளையும் விற்றுவிட்டார். காட்டுக்கும் புலிக்கும் உள்ள உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் மாட்டின் பின்னால் ஒரு குடும்பமே நடந்த வாழ்க்கை என் கண்முன்னே முடிந்துபோனதிலிருந்து, அந்த வாழ்க்கை இன்னும் நடக்கிற ஓர் இடத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது.

மங்கோலியாவின் மேற்குக் கோடியில், அல்தாய் மலைகளில், பயான் உல்கி என்ற மாகாணத்தில் கசாக் மக்கள் இன்றும் ஆண்டுக்குப் பலமுறை மந்தைகளோடு இடம் மாறுகிறார்கள் என்று படித்தேன். இதற்குக் கஜகஸ்தானுக்கே போவது சரியா, மங்கோலியாவுக்குப் போவது சரியா? பழக்கிய கழுகைக் கொண்டு வேட்டையாடும் கசாக்கியர் கூடும் கழுகுத் திருவிழா அங்கே அக்டோபரில் நடக்கிறது. ஆனால் எனக்கு அப்போது விடுப்பு கிடைக்காது. எனக்குள்ள காலம் ஏப்ரல், மே கோடை விடுமுறை, இல்லையென்றால் ஓணத்தை ஒட்டிய பத்து நாள்கள். என் தங்கையும் உடன் வருகிறாள். இருவரும் பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். சென்று வந்தவர்கள் இருந்தால் விரிவாகச் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

செங்கோட்டை மருத்துவர் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்தவன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

செலவையும் அலைச்சலையும் பார்த்தால் கஜகஸ்தான்தான் எளிது. 2022 ஜூலை முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 14 நாள்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கு நான்கு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். அல்மாட்டிக்குக் கிழக்கே அஸ்ஸி பீடபூமியில் கோடைக்காலத்தில் குதிரை மந்தைகளையும் கூடாரங்களையும் நானே பார்த்திருக்கிறேன். கோடை மேய்ச்சல் நிலத்தை அவர்கள் ஜைலாவ் என்பார்கள். என்றாலும் நீங்கள் தேடுவது அங்கே குறைவாகவே கிடைக்கும். 1930களின் தொடக்கத்தில் சோவியத் அரசு மந்தைகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணைகளில் சேர்த்து, மக்களை ஓரிடத்தில் வலிந்து குடியமர்த்தியது. அதன் விளைவாக வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இறந்தார்கள். மந்தைகளில் பெரும்பகுதி அழிந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவனின் பாட்டி, மேசையில் சிந்திய ரொட்டித் துகளைக்கூட விரலால் ஒற்றி எடுத்து உண்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைமுறையோடு இடப்பெயர்ச்சி வாழ்க்கை பெரும்பாலும் அறுந்துபோயிற்று.

பயான் உல்கியில் இருப்பவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அல்தாய் மலையைக் கடந்து அங்கு சென்று சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1940இல் அவர்களுக்கென்றே அந்த மாகாணம் அமைக்கப்பட்டது. மங்கோலியாவிலும் பிற்காலத்தில் கூட்டுப்பண்ணைகள் வந்தன, ஆனால் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் மேய்ச்சல் அங்கே நிற்கவில்லை. ஆகவே மொழியும் உணவும் நகரமும் பார்க்க வேண்டுமானால் அல்மாட்டி. கிடையைப் பார்க்க வேண்டுமானால் பயான் உல்கி என்பேன்.

புதுநகரம் ராவுத்தர் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் பாலக்காட்டை அடுத்த புதுநகரத்தைச் சேர்ந்தவன், வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். என் அத்தா குழல்மந்தம் மாட்டுச் சந்தையில் வியாபாரம் செய்தவர். ஆகையால் உங்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது. நான் பயான் உல்கிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அக்டோபர் திருவிழாவுக்குத் தனியாக, அடுத்த முறை 2019 மே மாதம் என் மனைவியோடு. உங்களுக்கு நான் தயங்காமல் சொல்வது மே மாதம்தான்.

பயண முகவர்கள் யாரும் மே மாதத்தைச் சொல்ல மாட்டார்கள். காரணம் உண்டு. அது அங்கே வசந்தத்தின் கடைசி. புல் இன்னும் தலைகாட்டியிருக்காது, மலை சாம்பல் நிறத்தில் கிடக்கும், புழுதிக் காற்று கண்ணைத் திறக்க விடாது, ஒரே நாளில் வெயிலும் பனியும் வரும். படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அது வீண் மாதம். ஆனால் கிடையோடு வளர்ந்த உங்களுக்கு, ஒரு மேய்ப்பர் குடும்பத்தின் வேலை முழுவதும் கண்ணில் படுகிற மாதம் அதுவே. குட்டி ஈனும் காலத்தின் பின்பகுதி அது. இரவில் குளிர் கூடினால் பலவீனமான குட்டிகளை அடுப்பருகே கொண்டுவந்து விடுவார்கள். நாங்கள் படுத்திருந்த அறையிலேயே ஐந்து குட்டிகள் இருந்தன. வெள்ளாட்டின் உள்மயிரைச் சீவி எடுப்பதும் இந்தப் பருவத்தில்தான். காஷ்மீர் என்று உலகம் விலை கொடுத்து வாங்கும் அந்த மயிரில், சீனாவுக்கு அடுத்து அதிகமாக விளைவது மங்கோலியாவில். ஆட்டைச் சாய்த்துக் காலைக் கட்டி, கம்பி வளைந்த நீண்ட சீப்பால் கழுத்திலிருந்து பின்புறம் நோக்கி மெல்ல இழுப்பார்கள். முதலில் முரட்டு மயிர் வரும். பிறகு சாம்பல் நிறப் பஞ்சு, கையில் எடை தெரியாத அளவு மென்மையாகச் சீப்பில் திரளும். ஆட்டின் தோல் சிவக்காமல் இழுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. என் மனைவிக்கு அந்த வீட்டுப் பெண் சீப்பைக் கொடுத்துப் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுத்தார். மூன்றாவது ஆட்டில்தான் அவள் கை பழகியது.

அதே வாரத்தில் நான் பார்த்த இன்னொரு வேலையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். குளிர்காலம் முழுவதும் ஆடுகள் அடைந்து கிடந்த பட்டியில் சாணமும் புழுக்கையும் மிதிபட்டு ஒரு முழத் தடிமனுக்கு இறுகியிருக்கும். அதை மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டி எடுத்து, காற்று புகும்படி ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து உலர்த்துகிறார்கள். கி என்று அதற்குப் பெயர். மரமே இல்லாத அந்த மலையில் அடுத்த குளிர்காலத்துக்கு அதுதான் விறகு. நம் ஊரில் வறட்டி எரிந்து வரும் அதே மணம், 1,700 மீட்டர் உயரத்தில், தகர அடுப்பிலிருந்து வந்தபோது என் அத்தாவின் நினைவு வந்துவிட்டது.

இப்போது போகும் வழியைச் சொல்கிறேன். மங்கோலியாவுக்கு விசா வேண்டும். தூதரகம் டெல்லியில் இருக்கிறது. கொச்சியிலிருந்து மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டருக்கு நேரடி விமானம் இல்லை. சியோல், ஹாங்காங், இஸ்தான்புல் என்று ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் செல்ல வேண்டும். உலான்பாட்டரிலிருந்து பயான் உல்கியின் தலைநகரான உல்கி நகருக்குச் சாலை வழி 1,600 கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் ஒன்றரை நாளுக்கும் அதிகம் ஆகும். உள்நாட்டு விமானத்தில் மூன்று மணி நேரம். மேற்கு மங்கோலியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பிக்கொள்ள வேண்டும். இந்த விமானம் காற்று வீசினால் தள்ளிப்போகும். திரும்பும்போது உலான்பாட்டரில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வைக்காமல் சர்வதேசப் பயணச்சீட்டை எடுக்காதீர்கள். நான் முதல் முறை இதை அறியாமல் ஒரு பயணச்சீட்டை இழந்தேன்.

உல்கிக்குப் போய்விட்டால் அங்குள்ள மக்களில் பத்தில் ஒன்பது பேர் கசாக்கியர். பேசுவது கசாக் மொழி, எழுதுவது சிரிலிக் எழுத்து, கடைத்தெருவில் பாங்கொலி கேட்கும். ராவுத்தர்களாகிய நாங்களும் அவர்களும் இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஹனபி வழியினர் என்பதால் தொழுகையில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ராவுத்தர் என்றால் குதிரை வீரன் என்று பொருள் என மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னபோது, வீட்டுப் பெரியவர் எழுந்து வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். செலவில் பெரும்பகுதி வண்டிக்குப் போகும். சோவியத் காலத்து வடிவிலேயே இன்றும் ஓடும் ரஷ்யத் தயாரிப்பு வேன், ஓட்டுநர், எரிபொருள் எல்லாம் சேர்த்து நாள் கணக்கில் பேசுவார்கள். தங்கும் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஓட்டுநரின் கணக்கில் சேர்க்க விடாமல், கிளம்பும் நாளில் வீட்டுப் பெண்ணின் கையில் நேராகக் கொடுங்கள். இதை உல்கியிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கழுகைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். வேட்டை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, நரியின் மயிர் தடித்திருக்கும்போது மட்டும் நடக்கும். மே மாதத்தில் கழுகு இறகு உதிர்த்துக்கொண்டு, வீட்டுக்கு அருகே கட்டையில் அமர்ந்திருக்கும். தோல் தொப்பி போட்டுக் கண்ணை மறைத்திருப்பார்கள். அதற்குத் தொமாகா என்று பெயர். பெண் கழுகையே பழக்குவார்கள், ஏனெனில் அதுதான் பெரியது. சில ஆண்டுகள் வேட்டையாடிய பின், அது இனம் பெருக்கட்டும் என்று மலையில் ஒரு ஆட்டை அறுத்து வைத்து, கழுகை அங்கேயே விட்டுவிட்டு வருவது மரபு. திருவிழாவில் நூற்றுக்கணக்கான கேமராக்களுக்கு நடுவே பார்த்த கழுகுகளை விட, ஒரு கிழவர் தன் வீட்டு வாசலில் அமர்ந்து இறைச்சித் துண்டை நீரில் ஊறவைத்து ஊட்டிய அந்த ஒரு கழுகுதான் என் மனத்தில் நிற்கிறது.

மறையூர் மலையேற்றம் எழுதியது:

வணக்கம். நான் மறையூர், காந்தளூர் பகுதிகளில் மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்பவள். ராவுத்தர் ஐயா எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனாலும் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

முதலாவது, பனியையே பார்த்திராத இரு சகோதரிகளுக்கு மே மாதம் கடுமையானது. ஓணம் விடுமுறை ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வருகிறது. அப்போது குடும்பங்கள் உயர்ந்த ஜைலாவில் இருக்கும், அல்லது அங்கிருந்து இறங்கத் தொடங்கியிருக்கும். கசாக் கூடாரத்தின் முழு அழகையும் அப்போதுதான் காண முடியும். மங்கோலியக் கூடாரத்தை விட அது உயரமானது, அகலமானது. நடுவில் தூண் இராது. மடக்கி விரிக்கும் மரச்சட்டத் தட்டிகளைச் சுவராக நிறுத்தி, மேலே ஷானிராக் என்ற வட்ட மரச்சட்டத்தை ஒருவர் கோலால் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் வளைந்த கழிகளை ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். பின்பு கம்பளித் துணியைப் போர்த்துவார்கள். கசாக், கிர்கிஸ் மக்களின் இந்தக் கூடாரக் கலையை யுனெஸ்கோ 2014இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உள்ளே சுவர் முழுவதும் துஸ் கீஸ் என்ற பூத்தையல் திரைகள் தொங்கும். அவற்றின் ஓரத்தில் தைத்த ஆண்டையும் பெயரையும் சேர்த்துத் தைத்திருப்பதைக் காணலாம். மே மாதத்தில் பல குடும்பங்கள் மண் வீடுகளில்தான் இருக்கும்.

இரண்டாவது, திருவிழாவைப் பற்றியது. அயலார் கூட்டம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் வாழும் வேட்டைக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரை ஒருவர் பார்ப்பதும், இளையவர்கள் இந்தப் பயிற்சியைக் கைவிடாமல் இருப்பதும் அந்தக் கூடுகையால்தான் என்பதை அங்கிருந்தவர்களே என்னிடம் சொன்னார்கள். எனவே அதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எந்த மாதம் சென்றாலும் சில முன்னேற்பாடுகள் வேண்டும். உல்கி நகரம் மூணாற்றை விடச் சற்றே உயரமானது. ஆகையால் மூச்சுத் திணறல் பயம் வேண்டாம். ஆனால் அல்தாய் தவான் போக்த் தேசியப் பூங்காவுக்குள், 4,374 மீட்டர் உயரமுள்ள குயித்தேன் சிகரத்தின் பக்கம் போவதானால், அது சீன, ரஷ்ய எல்லைப் பகுதி என்பதால் எல்லைக் காவல் அனுமதி தனியே வாங்க வேண்டும். அங்குள்ள பாறைச் செதுக்கல்கள் 2011இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை, பார்க்காமல் வராதீர்கள். கம்பளி உள்ளாடை இரண்டு இணை, காற்று புகாத மேலாடை, கணுக்கால் மூடும் காலணி ஆகியவற்றை இங்கேயே போட்டுப் பழகிக்கொண்டு செல்லுங்கள். பயணக் காப்பீட்டில் மலைப்பகுதியிலிருந்து மீட்டு வரும் செலவும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடுமையான நோய் கண்டால் உலான்பாட்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

குமுளி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறையூர்த் தோழியின் எச்சரிக்கையை நன்றாக யோசித்தேன். கூடாரத்தைப் பார்க்க ஆசைதான். ஆனால் பட்டியில் சாணம் வெட்டுவதையும் குட்டிகள் அடுப்பருகே கிடப்பதையும் படித்த பிறகு என் மனம் மே மாதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போனபோது மாமாவிடம் படித்துக் காட்டினேன். விற்ற மாடுகளைப் பற்றி இரண்டு ஆண்டாக வாய் திறக்காதவர், அந்த ஊரில் ஒரு ஆளுக்கு எத்தனை உருப்படி மேய்ப்பார்கள், கோமாரி வந்தால் என்ன செய்வார்கள் என்று வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். அவரையும் அழைத்துப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ராவுத்தர் ஐயாவிடம் இன்னும் சில கேள்விகள். உணவில் குதிரை இறைச்சியைத் தவிர்க்க முடியுமா? பெண்களுக்குக் குளியல், கழிப்பறை எப்படி? வீட்டுக்குள் செய்யக்கூடாதவை எவை? எதை எடுத்துச் செல்லலாம்?

புதுநகரம் ராவுத்தர் எழுதியது:

மாமாவை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உணவு. குளிர்காலத்துக்கென்று ஆண்டிறுதியில் அறுத்துப் பதப்படுத்தும் குதிரை இறைச்சி மே மாதத்திலும் மீதமிருக்கலாம். காஸி என்று குடலில் அடைத்து வைத்திருப்பார்கள். வேண்டாம் என்று முதல் நாளே ஓட்டுநர் மூலம் பணிவாகச் சொல்லிவிட்டால் யாரும் வருந்த மாட்டார்கள். ஆட்டிறைச்சியும் மாவுத் துண்டுகளும் சேர்ந்த பெஷ்பார்மக் வைப்பார்கள். ஐந்து விரல் என்று அதற்குப் பொருள், கையால் உண்பதால் வந்த பெயர். கையால் உண்ண நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதில் அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. இறைச்சியே வேண்டாம் என்பவர்கள் பவுர்சாக் என்ற பொரித்த மாவு, பாலாடை, குர்த் என்ற உலர்ந்த தயிர்க்கட்டி ஆகியவற்றை வைத்துச் சமாளிக்கலாம். ஊறுகாயும் பருப்புப் பொடியும் எங்களுக்குக் கைகொடுத்தன. காய்கறி அரிது. தேநீரில் பாலும் உப்பும் இருக்கும். கிண்ணத்தில் பாதிக்குமேல் ஊற்ற மாட்டார்கள். அதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அடிக்கடி வாங்கி ஊற்றுவதுதான் அவர்களுக்கு உபசரிப்பு. விளிம்பு வரை ஊற்றினால் விருந்தாளி கிளம்பலாம் என்று பொருள். போதும் என்றால் கிண்ணத்தின் வாயைக் கையால் மூடுங்கள்.

குளியல், கழிப்பறை பற்றி என் மனைவி எழுதச் சொன்னது இது. கழிப்பறை என்பது வீட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளிப் பலகை அடைத்த ஒரு குழி. சில இடங்களில் அதுவும் இராது. இரவில் நாய்கள் அவிழ்த்து விடப்பட்டிருக்கும், ஆகவே வீட்டுப் பெண்ணை எழுப்பாமல் வெளியே போகாதீர்கள். அவர்கள் முகம் சுளிக்காமல் உடன் வருவார்கள். நீளமான பாவாடை இருந்தால் வெட்டவெளியில் வசதி. குளிப்பது உல்கிக்குத் திரும்பிய பிறகுதான். அதுவரை வெந்நீரில் நனைத்த துணியே போதுமானதாக இருந்தது.

வீட்டில் வாசல் நிலைப்படியை மிதிக்கக் கூடாது. நாம் இங்கே கடைப்பிடிப்பதுதான். விரித்த உணவுத் துணியைத் தாண்டக் கூடாது. வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடத்துக்குத் தோர் என்று பெயர், உங்கள் மாமாவை அங்கேதான் அமர்த்துவார்கள். உண்டு முடித்ததும் பெரியவர் கைகளை ஏந்தி வாழ்த்துச் சொல்வார். நீங்களும் ஏந்தி, முடிவில் முகத்தைத் தடவிக்கொள்ளுங்கள். அன்பளிப்புக்குத் தேயிலை நல்லது, குமுளிப் பக்கத்தவருக்கு ஏலக்காயும் இருக்கிறது.

குளிர்கால இழப்பைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். பனி இறுகி, புல் எட்டாமல், மந்தை கூட்டமாக மடிவதை அவர்கள் ஜூத் என்பார்கள். 2009–10 குளிரில் மட்டும் மங்கோலியா முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. எங்களுக்கு இடம் கொடுத்தவர் அந்த ஆண்டைச் சொல்லத் தொடங்கி, பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். உங்கள் மாமா தன் மாடுகளைப் பற்றிச் சொன்னால் அவர்களே சொல்லக்கூடும்.

அதற்கு மாமாவுக்கு ஒரே ஒரு வாசகத்தைப் பழக்கி அழைத்துப் போங்கள். வீட்டுக்குள் நுழைந்து சலாம் சொன்னவுடன், “மால்-ஜான் அமான் பா?” என்று கேட்க வேண்டும். மாலும் உயிரும் நலமா என்பது அதன் பொருள். மால் என்றால் அவர்களுக்குக் கால்நடை. நம் பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு என்று நான் சொன்னதை, அந்த வீட்டுப் பெரியவர் மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். தாத்தாவின் கிடையைப் படம் எடுத்தது ஏதேனும் வீட்டில் இருந்தால், அதையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.